தேநீர்க்கடை வாங்கும் மலையக இலக்கியமும்

1

ஓர் இலக்கியத்தை மதிப்பிட முனைவோர், அதில் வரும் மாந்தர் எவ்வாறு பேசுகின்றனர், எவ்வாறு காதல் கொள்கின்றனர், எவ்வாறு போராடுகின்றனர், எவ்வாறு மடிகின்றனர் என்பனவற்றையெல்லாம் ஆராய்வது வழக்கம். அம்மாந்தர் காலையில் எங்கே அமர்ந்து உண்கின்றனர் என்று வினவுவோர் அரியர். வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் மலையகத் தமிழ் இலக்கியத்தை இவ்வினாவோடு அணுகும்போது, அவ்விலக்கியம் கண்ட வாழ்க்கையும் காணத் தவறிய வாழ்க்கையும் ஒருங்கே புலப்படுகின்றன. உலகின் பல நாடுகளுக்குக் காலைத் தேநீரை வழங்கிவரும் ஒரு சமூகம், தன் காலை வேளையில் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்துவதற்குரிய இடத்தை எங்கே கண்டது? அவ்விடத்தை அதன் எழுத்தாளர் எவ்வளவு தூரம் கண்டனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலை உணவு என்பதில் இரண்டு கூறுகள் உள. ஒன்று உணவு, மற்றது இருக்கை. தோட்டத் தொழிலாளரின் உணவைப் பற்றி நம்மவர் பேசாமலில்லை. கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பங்கீட்டரிசியும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களை வாட்டிய பட்டினியும் கதைகளிலும் கட்டுரைகளிலும் இடம்பெற்றுள்ளன. இருக்கையைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. உண்பவர் நின்றபடி உண்கிறாரா, நடந்தபடி உண்கிறாரா, அமர்ந்து உண்கிறாரா. அமர்கிறாரெனில் எவருடைய இடத்தில், எவருடைய தயவில், எவ்வளவு நேரம் அமர்கிறார் என்பன வெறும் வருணனைக்குரிய செய்திகளல்ல. ஒரு சமூகத்தில் நிலவும் உறவுகளை அவை நேரடியாகக் காட்டிவிடுகின்றன.

நம் பழைய இலக்கியம் இதனை நன்கு அறிந்திருந்தது. மதுரைக்காஞ்சி ஒரு நகரத்தின் நாளைப் பொழுதுகளாகப் பகுத்து, நாளங்காடியையும் அல்லங்காடியையும் வேறுவேறாகக் காட்டுகின்றது. மணிமேகலையோ அமுதசுரபியை ஏந்தி, உலக அறவியில் பசித்தோர்க்கு உணவளிக்கும் காட்சியைத் தருகின்றது. இவ்விரு நூல்களும் காட்டும் இரண்டு இடங்களுக்கு இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அறவியில் உண்பவர் பிறர் அருளால் உண்பவர். அங்காடியில் உண்பவர் தம் கைக்காசுக்கு உண்பவர். முன்னவருக்கு நன்றிக்கடன் எஞ்சும். பின்னவர் காசைக் கொடுத்ததும் எவருக்கும் கடன்படாதவராக எழுந்து செல்வார். பரம்பரை பரம்பரையாகக் கடனிலும் பற்றுச்சீட்டிலும் கட்டுண்டு கிடந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாற்றில் இவ்வேறுபாடு சிறிதன்று.

2

தோட்டத்தின் காலை எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் அறுவடைக் காலத்துக்கு வந்து மீண்டவர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் பரவத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. பயிர் மாறியபோது தொழிலாளரின் பொழுதும் மாறிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஒரு மலையில் கொழுந்தெடுத்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் அதே மலைக்குத் திரும்பியாக வேண்டும். பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். பறித்த கொழுந்து கூடையில் நெடுநேரம் கிடந்தால் வெம்பிக் கெடும். அன்றன்றே ஆலைக்குச் சேரவேண்டும். ஆகவே நாளொன்றுக்குப் பலமுறை நிறுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆண்டு முழுவதும் வேலை என்றவுடன் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பெண்களின் விரல்கள் இத்தொழிலின் அடிப்படையாயின. தோட்ட நிருவாகத்தின் கண்டிப்பை நம் எழுத்தாளர் பலர் துரையின் கொடுமையாகவும் கங்காணியின் கொடுமையாகவும் மட்டும் காட்டியுள்ளனர். அக்கொடுமை உண்மையே. ஆனால் அதற்குப் பின்னால் செடியின் இயல்பையும் சந்தையின் தேவையையும் ஒன்றாகப் பிணைத்த ஓர் உற்பத்தி முறை இருந்தது. தொழிலாளியின் காலையை விழுங்கியது அம்முறையே.

இம்முறையில் காலை தப்பொலியுடன் தொடங்கியது. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சாயத்தண்ணி வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, ஆறு மணியளவில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். பிந்தியவர் திருப்பி அனுப்பப்படுவார். அன்றைய ‘பேர்’ போய்விடும். ஆகவே ரொட்டி சுருட்டப்பட்டு மலைக்குச் செல்லும்; தேநீர் போத்தலில் செல்லும். முதல் நிறுவையின்போதோ அதற்குச் சற்று முன்பின்னாகவோ, செடிகளுக்கிடையே கூடையை இறக்கிவைத்துச் சில நிமிடங்களில் உண்டு முடிப்பார்கள். அமர்வதென்றால் ஈரக் கல்லின் மீது, மழையெனில் நின்றபடியே.

கோதுமை மா ரொட்டி மலையகத்தின் காலை உணவானமைக்கு வறுமை மட்டும் காரணமன்று. அரைத்து, புளிக்கவைத்து, ஆற அமரச் சுட்டு உண்ணும் இட்டிலிக்கும் தோசைக்கும் வேண்டிய நேரம் லயத்தில் இல்லை. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் மாவும் எளிதிற் புளிக்காது. ரொட்டிக்கு இத்தொல்லைகள் இல்லை. மாவைப் பிசைந்தவுடன் சுடலாம், ஒற்றை அடுப்பில் ஆகிவிடும், ஒழுகாது, சிந்தாது, மடியிற் கட்டிக்கொண்டு மலையேறலாம். இது நின்று உண்பதற்கும் நடந்து உண்பதற்கும் ஏற்ற உணவு. தமிழகத்துச் சிற்றூர்களிற்போல இங்கும் தோசை பண்டிகைக்குரியதாயிற்று. பண்டிகையல்லாத நாளில் தோசை உண்ணவேண்டுமெனில் நகரத்துக் கடைக்குப் போகவேண்டும்.

3

மலையக இலக்கியத்தின் விடியல் இப்பின்னணியில் எழுதப்பட்டதாகும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, 1954இல் வெளியான தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை விடியற்காலத் தப்பொலியுடனேயே தொடங்குகின்றது. பொழுது புலர்வது பறவையொலியால் அன்று, பறையொலியால் என்ற அந்தத் தொடக்கம் பின்வந்த மலையக எழுத்து முழுவதற்கும் ஒரு சுருதியை அமைத்துக் கொடுத்தது. பிரட்டுக்களம், கொழுந்து மலை, நிறுவைத் தராசு, லயத்துக் காம்பரா என்னும் நான்கு இடங்களும் மலையகக் கதையின் நான்கு அரங்குகளாயின. 1980இல் நூலுருப்பெற்ற என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் தொகுதியின் தலைப்பே அவ்வரங்கைச் சுட்டுகின்றது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்ற சிறுகதை, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கிக் கிடப்பதால் நேரும் அவலத்தைச் சொல்கின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான ஓர் அறையில், சமைக்கவும் படுக்கவும் பிள்ளை பெறவும் பிணத்தைக் கிடத்தவும் இடம் தேடியவர்களின் வாழ்வு அது. சி. வி.யின் நாவலொன்றின் பெயர் ‘வீடற்றவன்’. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு அப்பெயர் எவ்வளவு பொருந்துவது என்று விளக்க வேண்டியதில்லை.

வீடற்றவன், நாடற்றவன் என்னும் இரண்டையும் நம் இலக்கியம் ஆழமாக உணர்ந்து எழுதிற்று. இவற்றினிடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதனை இருக்கையற்றவன் எனலாம். லயத்தின் இஸ்தோப்பில் துரையோ கணக்குப்பிள்ளையோ வந்தால் எழுந்து நிற்கவேண்டும், பிரட்டில் நிற்கவேண்டும், மலையில் நிற்கவேண்டும், நிறுவையில் வரிசையில் நிற்கவேண்டும், சம்பளத்துக்கும் நிற்கவேண்டும். தோட்ட எல்லைக்குள் தொழிலாளி உரிமையோடு அமரக்கூடிய பொது இடமென்று கோயிலைத் தவிர வேறொன்றைச் சுட்டுவது கடினம். இந்நிலையிலேதான் தோட்டத்துக்கு வெளியே, நகரத்தில், தேநீர்க்கடையின் வாங்கு வரலாற்று முக்கியத்துவம் பெறுகின்றது.

4

புகையிரதப் பாதை 1884இல் அட்டனை எட்டியது. அடுத்த ஆண்டு நானு ஓயாவை அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூட்டைகளை ஏற்றவும் எழுந்த நிலையங்களைச் சுற்றிக் கடைத்தெருக்கள் தோன்றின. அட்டன், தலவாக்கலை, டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய நகரங்களின் கடைவீதிகளை இன்று நோக்கினாலும் அவற்றின் அமைப்பில் ஓர் ஒற்றுமை காணப்படும். ஒரு பக்கம் பலசரக்கு, துணி, நகை அடகு. இடையிடையே சைவக் கடை, முஸ்லிம் ஹோட்டல், சிங்களவர் நடத்தும் பேக்கரி. முதல் பஸ் புறப்படுமுன் அடுப்புப் பற்றவைக்கப்படுவதும், கண்ணாடி அலுமாரியில் வடையும் பணிசும் ரோல்சும் அடுக்கப்படுவதும், துணிப்பையில் சாயம் வடிக்கப்படுவதும் எல்லா ஊர்களுக்கும் பொது. மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் வரும் பருவத்தில், மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கடைகள் இரவும் விழித்திருக்கும்.

இக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வந்தமர்ந்தவர் முன்னே வடை, பணிஸ், பட்டிஸ் முதலியவை நிறைந்த தட்டமொன்றைப் பணியாள் வைத்துவிட்டுப் போவார். உண்டவற்றுக்கு மட்டும் காசு. எத்தனை உண்டார் என்பதை உண்டவரே எழுந்து சென்று சொல்வார். அல்லது எஞ்சியதைப் பார்த்துக் கணக்கிடுவர். இலங்கை முழுவதும் காணப்படும் இச்சாதாரண வழக்கத்தை ஒரு தோட்டத் தொழிலாளியின் நிலையில் நின்று நோக்கல் வேண்டும். மலையில் அவருடைய கொழுந்தை இன்னொருவர் நிறுக்கிறார். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கிறார். எஞ்சிய தொகையை அவர் ஏற்றுக்கொள்ளவேண்டும். அவருடைய கணக்கு எங்கும் செல்லுபடியாவதில்லை. தேநீர்க்கடையிலோ, ‘இரண்டு வடை, ஒரு பிளேன்டீ’ என்று அவர் சொன்னால் அக்கணக்கு ஏற்கப்படுகின்றது. தம் சொல்லை ஒரு சாட்சியாக மதிக்கும் இடத்தில் அவர் அமர்ந்திருக்கிறார்.

அரசியல் வரலாறும் இவ்விடத்துக்குச் சான்று பகரும். தோட்டங்களுள் வெளியார் புகுவதை அத்துமீறலாகக் கருதும் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில், தொழிற்சங்கக்காரர் தொழிலாளரைச் சந்திக்கும் இடம் நகரமாகவே இருக்க முடிந்தது. கோ. நடேசையர் துணி வணிகரின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்ற செய்தி பரவலாக வழங்குவது. அவர் 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, அட்டனைத் தம் பணிகளுக்கு நிலைக்களனாகக் கொண்டமை தற்செயலானதன்று. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் பேசவும் கேட்கவும் பத்திரிகை வாசிக்கக் கேட்கவும் கூடிய இடங்களுள் தேநீர்க்கடையும் ஒன்று. ஒரு பிரதியை வாங்கிப் பலர் காது கொடுத்துக் கேட்கும் அச்சபையில், எழுத்தறியாதவரும் வாசகரானார்.

இக்கடைகளை இலட்சிய உலகமாக்குவது என் கருத்தன்று. பற்றுப் புத்தகத்தில் தொழிலாளியின் பெயர் ஏறியதும் இங்கேதான். சம்பளத்தின் ஒரு பகுதி இங்கும், அடுத்த படியாகச் சாராயக் கடையிலும் கரைந்ததும் உண்டு. 1983 ஜூலையில் நுவரெலியாவில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. அமரும் இடம் அழிந்தால் ஒரு சமூகத்தின் பொதுவாழ்வு எவ்வளவு எளிதில் லயத்துக்குள் மீண்டும் ஒடுங்கிவிடும் என்பதை அத்தீ காட்டிற்று.

5

இத்துணை முக்கியமான ஓரிடம் மலையகப் புனைகதையின் மையத்தில் நிற்பது அரிது. கடந்துசெல்லும் வழியாகவும், உரையாடலுக்கு ஒரு சாக்காகவும் அது வந்து போகின்றது. கதையைத் தாங்கும் களமாவதில்லை. பிற தமிழ்ப் பிரதேச இலக்கியங்களோடு ஒப்பிடும்போது இவ்விடைவெளி தெளிவாகும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் கதையில் கடவுளே நகரத்துக் காப்பி ஹோட்டலில் அமர்ந்து காப்பி அருந்துகிறார். பழைய சமூகத்தின் வரிசைகள் கலைந்து, காசுள்ளவர் எவரும் எவரோடும் ஒரே மேசையில் அமரக்கூடிய புதிய நகர வாழ்வை அவ்வொரு காட்சியில் ஆசிரியர் பிடித்துவிட்டார். ஆனால் அச்சமத்துவமும் முழுமையானதன்று. உணவுவிடுதிப் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருப்பதை எதிர்த்து 1957இல் பெரியார் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதி முன்னே மறியல் நடத்தவேண்டியிருந்தது. சிற்றுண்டிச்சாலை சமூகப் போராட்டத்தின் களமானதால் எழுத்தாளரின் கண்ணிலும் பட்டது.

யாழ்ப்பாணத்து நிலை இன்னும் கூர்மையானது. அங்கே தாழ்த்தப்பட்டோர் தேநீர்க்கடைக்குள் அமர்ந்து அருந்தும் உரிமைக்காக நெடுங்காலம் போராடினர். பொது இடங்களில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. கதவு மூடியே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தை அடுத்து, தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் வெகுசனப் போராட்டங்களாயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் டொமினிக் ஜீவா முதலியோரின் கதைகளும் இச்சமூகச் சூழலிலிருந்து பிறந்தவை. வடபுலத்து முற்போக்கு இலக்கியத்தில் தேநீர்க்கடை ஒரு கோட்டைவாசல்.

மலையகத்தில் ஏன் அவ்வாறு நிகழவில்லை? முதலாவது காரணம் இலக்கியக் கொள்கை சார்ந்தது. 1960களிலிருந்து மண்வாசனை என்ற பெயரில் எழுந்த இயக்கம் மலையக எழுத்துக்குத் தனித்துவத்தைத் தேடிற்று. தனித்துவம் தோட்டத்துக்குள் இருந்தது. கொழுந்தும் லயமும் கங்காணியும் வந்தால் அது மலையகக் கதை. நகரத்துக் கடை வந்தால் அது எந்த ஊர்க் கதையாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எழுத்தாளரிடமும் விமர்சகரிடமும் படிந்துவிட்டது. விமர்சகர்களாகிய நாமும் கதைகளை மதிப்பிடுகையில் தோட்டச் சொற்களை எண்ணிப் பார்த்தே மதிப்பெண் வழங்கினோம்.

இரண்டாவது காரணம் வாழ்க்கை சார்ந்தது, இதுவே ஆழமானது. யாழ்ப்பாணத்தில் கதவு மூடியிருந்தது. மூடிய கதவை எல்லோரும் காணலாம், தட்டலாம், உடைக்கலாம், அதனைக் கதையாகவும் எழுதலாம். அட்டனில் கதவு பெரும்பாலும் திறந்தே இருந்தது. ஆனால் அக்கதவுக்கு வருவதற்குரிய பொழுது தொழிலாளிக்கு இல்லை. மலைக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறையவில்லை. கையிலுள்ள காசு போதவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஐவர் கொண்ட ஒரு குடும்பம் கடையில் அமர்ந்து தோசையுண்டு பால் தேநீர் அருந்தினால் அந்நாட்சம்பளத்தில் எவ்வளவு எஞ்சும் என்பதைக் கடைவிலை அறிந்தோர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இங்கே விலக்கி வைப்பவர் வாசலில் நிற்கவில்லை. விலக்கு, நேரத்திலும் கூலியிலும் தூரத்திலும் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றது. கண்ணுக்குத் தெரியாத விலக்கை எழுதுவது கடினம். மலையக இலக்கியத்தின் முன் இன்றும் நிற்கும் சவால் இதுவே என்று கருதுகிறேன்.

6

இவ்விலக்கின் முழு வடிவமும் பெண்ணிடத்தே புலப்படுகின்றது. தோட்டத்தில் ஆண்களுக்குக் கொடுக்கப்படும் கவ்வாத்து, கான் வெட்டுதல் முதலிய வேலைகள் பெரும்பாலும் நாட்கணக்கான அளவு முடிந்ததும் நிறைவுறுபவை; பிற்பகலில் ஆண் நகரத்துக்கு இறங்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் மாலை நிறுவையோடுதான் முடியும். அதன்பின் தண்ணீர், விறகு, அடுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984இல் வந்தது. சம ஓய்வு வரவில்லை. ஆகவே தேநீர்க்கடை வாங்கில் நாம் காணும் முகங்களுள் ஆண்முகங்களே மிகுதி. எந்த விரல்கள் கிள்ளிய கொழுந்து அங்கே சாயமாக வடிகின்றதோ அந்த விரல்களுக்குரியவரை அவ்வாங்கில் காண்பது அரிது.

கட்டுரையாளன் தன் அனுபவம் ஒன்றை இவ்விடத்துக் குறிப்பிடுதல் பொருந்தும். பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட முதல் நாள் விடியற்காலையில் என் தாயார் என்னை வழியனுப்ப அட்டன் வரை வந்தார். கண்டி பஸ் புறப்பட நேரமிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் வெளிச்சம் தெரிந்தது. “உள்ளே போய்க் குந்துவோம் அம்மா” என்றேன். “நீ போய்க் குடிச்சிட்டு வா சாமி, நான் பெட்டியைப் பார்த்துக்கிறேன்” என்றார். பெட்டியை உள்ளே கொண்டுபோகலாம் என்று சொல்லியும் அவர் அசையவில்லை. எவரும் அவரைத் தடுக்கவில்லை. கடைக்காரர் ‘வாங்க’ என்றே அழைத்தார். முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர் கடையின் தாழ்வாரத்தில் நின்றபடி, நான் கொண்டுவந்து கொடுத்த தேநீரை மடக்கு மடக்காகக் குடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். கடையில் அமர்ந்து உண்பது தமக்குரிய செயலாக அவருக்குத் தோன்றவேயில்லை. அன்று அதனைக் கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன். பின்னர் மலையகக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தைத் தேடினேன். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இலேயே தோட்டத்துப் பெண்ணின் துயரை ஒரு நாவலின் பொருளாக்கியது. பெண்ணின் உழைப்பும் பெண்ணுக்கு நேரும் கொடுமையும் அதன்பின்னும் நிறையவே எழுதப்பட்டன. உழைக்காமலும் துயருறாமலும் ஒரு பெண் கால்மணி நேரம் சும்மா அமர்ந்திருப்பதை எழுதுவதற்கு நம் இலக்கியம் தயங்கிற்று.

7

இன்றைய மாற்றங்கள் இப்பொருளை மேலும் சிக்கலாக்கியுள்ளன. தோட்டம் இப்போது தேயிலையோடு காலை உணவையும் விற்கின்றது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலை ஆலை சுற்றுலா விடுதியாக்கப்பட்டது. அட்டன், பொகவந்தலாவைப் பகுதிகளில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் விருந்தினர் இல்லங்களாயின. பனி விலகும் வேளையில் புல்வெளியில் மேசையிட்டு, கொழுந்தெடுப்போரைத் தொலைவில் கண்டபடி காலை உணவு அருந்துவது அங்கு வருவோர் விரும்பும் இன்பங்களுள் ஒன்று. ஆறுதலான காலையும் ஆறுதலான இருக்கையும் தோட்டத்துக்குள் தோன்றிவிட்டன. அவை தோட்டத்தாருக்கு உரியனவாகவில்லை. 1876இல் நுவரெலியாவில் வெள்ளையர் தமக்கென ஹில் கிளப்பை நிறுவியபோது இருந்த இடைவெளி வேறு. இன்றைய இடைவெளி வேறு. முன்னது இனத்தால் அமைந்தது; பின்னது விலைப்பட்டியலால் அமைந்தது.

இன்னொரு மாற்றம் இளைஞர் பற்றியது. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள உணவுக்கடைகளில் பரிமாறுகின்றனர், மேசை துடைக்கின்றனர். மலையில் நின்றவரின் பிள்ளை, நகரத்தில், பிறர் அமர்ந்திருக்கத் தான் நிற்கிறான். கொழும்பில் வாழும் நாம் வெள்ளவத்தைக் கடையொன்றில் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே மலையகத்தைப் பற்றிப் பேசும்போது, நம் முன்னே சட்டினி வாளியோடு நிற்பவன் மஸ்கெலியாவைச் சேர்ந்தவனாக இருக்கக்கூடும். மலையகக் கதை இனி எழுதப்படவேண்டிய களங்களுள் அக்கடையும் ஒன்று. அது தோட்டத்துக்கு வெளியே இருப்பதால் மண்வாசனையற்றதென்று ஒதுக்குவோமாயின், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறையையே இலக்கியத்திலிருந்து ஒதுக்கியவராவோம்.

இதற்கு மாறுபட்ட கருத்தும் இருக்கக்கூடும். சம்பளமும் காணியும் வீடும் இன்னும் தீராத பிரச்சினைகளாக இருக்க, தேநீர்க்கடை வாங்கைப் பற்றி எழுதுவது ஆடம்பரமன்றோ என்று சிலர் கேட்பர். 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது முன்வைத்தவையும் இத்தகைய அடிப்படைக் கோரிக்கைகளே. அவற்றின் முதன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் காணியும் வீடும் எதற்காக? ஒரு மனிதர் தம் சொந்த இடத்தில், தமக்குரிய பொழுதில், எவருக்கும் எழுந்து நிற்க வேண்டாது அமர்ந்திருப்பதற்காகவே. கோரிக்கைப் பத்திரம் காணியைப் பேர்ச் கணக்கில் சொல்லும். கூலியை ரூபாக் கணக்கில் சொல்லும். அமர்ந்திருத்தல் என்னும் அனுபவத்தைச் சொல்ல இலக்கியத்தாலேயே இயலும்.

8

மலையக இலக்கியம் தப்பொலியின் இலக்கியமாகப் பிறந்தது. அத்தொடக்கத்துக்காக அதனை எவரும் குறைகூற இயலாது. சி. வி.யும் ராமையாவும் ஜோசப்பும் தம் காலத்தில் எழுதப்படாதிருந்த காலையை எழுதினர். அவர்கள் விட்ட இடத்தைச் சுட்டிக்காட்ட நமக்குத் துணிவு வருவதும் அவர்கள் தொட்ட இடம் அவ்வளவு உறுதியாக இருப்பதனாலேயே. இனி எழுதுவோர் அத்தப்பொலிக்குச் சற்று அப்பாலும் செவிசாய்க்க வேண்டும். முதல் பஸ்ஸுக்கு முன் திறக்கும் கடை, சாயம் வடியும் ஓசை, யாரோ உரக்க வாசிக்கும் பத்திரிகை, எண்ணிச் சொல்லப்படும் வடைக்கணக்கு ஆகியனவும் மலையகத்தின் காலையே. அவ்வாங்கில் யார் அமர்கிறார், யார் தாழ்வாரத்தில் நிற்கிறார், நிற்பவர் ஏன் உள்ளே வரவில்லை என்னும் மூன்று வினாக்களையும் கேட்கும் ஒரு கதை, ஒரு கூடைக் கொழுந்தின் எடைக்குக் குறையாத எடையுடையதாக இருக்கும்.

சென்ற விடுமுறையில் தாயாரோடு மீண்டும் அட்டனுக்குச் சென்றேன். அதே கடையில், இம்முறை நான் முதலிற் சென்று அமராமல், அவரை முன்னே போகவிட்டேன். வாங்கின் ஓரத்தில், எழுவதற்கு ஆயத்தமானவர் போல, அமர்ந்தார். தட்டத்தில் இருந்த வடைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, “இதுக்கு யாரு கணக்கு எழுதுவா?” என்று மெல்லக் கேட்டார். மலையக இலக்கிய விமர்சனம் விடை காணவேண்டிய வினாக்களுள் அதனையும் ஒன்றாகக் கொள்ளுமாறு மாணவரையும் எழுத்தாளரையும் வேண்டி இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.